மனத்தைப் பயிற்றிய பெரியார் ஊ பா கின்

அரசு அலுவலகம் ஒன்றில் எளிய எழுத்தராய் நுழைந்து, அந்நாட்டின் தலைமைக் கணக்காயராய் உயர்ந்தவர் ஒருவர் பர்மா நாட்டில் வாழ்ந்தார். பல நாட்டினரும் தேடி வந்து மனப்பயிற்சி பெற்ற தியான ஆசிரியராகவும் அவரே விளங்கினார். அவர் துறவி அல்லர். மனைவி மக்களோடு இல்லறம் நடத்தியவர். செல்வக் குடியில் தோன்றியவரும் அல்லர். உழைப்பாளர் வாழும் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக் கல்வி பெறும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. ஊ பா கின் என்னும் அப்பெரியாரின் வாழ்க்கை, முதல் தலைமுறையாகக் கல்வி பெற்று முன்னேறும் நம் இளைஞர் அறிந்துகொள்ளத் தக்கது. எந்த உயர்வும் ஒரே தாவலில் வருவதில்லை, படிப்படியாகவே வருகிறது என்னும் உண்மையை அவர் தம் தொழிலிலும் காட்டினார். தம் உள்ளத்திலும் காட்டினார்.

இளமையும் கல்வியும்

ஊ என்பது பர்மிய மொழியில் மதிப்புக்குரிய ஆடவர் பெயருக்கு முன் வழங்கும் சொல்லாகும். நாம் திரு என்று வழங்குவது போன்றது. பா கின் 1899ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் இரங்கூன் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று யாங்கோன் எனவும், பர்மா இன்று மியன்மா எனவும் வழங்குகின்றன. அந்நாளில் பர்மா ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் ஒரு மாகாணமாய் இருந்தது. பெற்றோருக்குப் பிள்ளைகள் இருவர். பா கின் இளையவர். பள்ளியில் ஆண்டுதோறும் வகுப்பில் முதல்வராய்த் தேறினார். 1917ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தங்கப் பதக்கமும், கல்லூரியில் பயில்வதற்கான உதவித்தொகையும் பெற்றார்.

ஆயினும் அவரால் கல்லூரிக்குச் செல்ல இயலவில்லை. குடும்பத்தின் நிலைமை, அவர் உடனே பொருளீட்டியாக வேண்டும் என்னும் கட்டாயத்தை உண்டாக்கியது. பதக்கம் பெற்ற மாணவர் படிப்பைத் துறந்து வேலை தேடினார். இத்தகைய இழப்பு நம் சமுதாயத்தில் எத்தனை இல்லங்களில் நிகழ்ந்துள்ளது என்பதை நாம் அறிவோம். அறிவு இருந்தும், ஆர்வம் இருந்தும், வறுமை குறுக்கே நின்று கல்லூரி வாயிலை அடைத்துவிடுகிறது. அவ்வாயிலைத் திறப்பதற்கென்றே நம் கல்விச் சங்கம் போன்றவை தோன்றின.

துரியா என்னும் பர்மிய நாளிதழில் பா கின் முதலில் பணியாற்றினார். துரியா என்பதற்குச் சூரியன் என்பது பொருள். சில காலத்துக்குப் பின் பர்மாவின் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். பகலில் அலுவல், எஞ்சிய நேரத்தில் தேர்வுக்கான படிப்பு என ஆண்டுகள் சென்றன. 1926ஆம் ஆண்டு, கணக்குப் பணியாளருக்கு அரசு நடத்திய துறைத் தேர்வில் தேறினார். பள்ளி இறுதித் தேர்வுக்கும் இத்தேர்வுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. கல்லூரிக்குச் செல்ல இயலாதவர், தாமே தமக்கு ஆசிரியராய் இருந்து, அலுவலகத்தின் உள்ளிருந்தே உயர வழி கண்டார்.

உழவர் ஒருவர் ஆசிரியரானார்

1937ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பா கின் தம் வாழ்வில் முதன்முதலாகத் தியானம் செய்து பார்த்தார். சயா தெட்ஜி என்பாரிடம் பயின்ற ஒருவர் அவரைக் காண வந்திருந்தார். மூச்சு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் கூர்ந்து நோக்கும் முறையை அவர் எடுத்துரைத்தார். பௌத்த நூல்கள் இதனை ஆனாபானம் என்று வழங்கும். பா கின் அதனை முயன்றபோது மனம் நன்கு ஒருமைப்பட்டது. அம்முறையை முழுமையாகக் கற்றே தீர்வது என்று அவர் உறுதி கொண்டார்.

அவர் நாடிச் சென்ற ஆசிரியர் யார் என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். சயா என்றால் ஆசிரியர். சயா தெட்ஜி 1873ஆம் ஆண்டு, இரங்கூனுக்குத் தெற்கே ஆற்றுக்கு அப்பாலுள்ள பியாபுவேஜி என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்துக்கு நிலம் இல்லை. பிறர் வயல்களில் அறுவடைக்குப் பின் சிதறிக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கி உண்ட குடும்பம் அது. ஏறத்தாழப் பத்து வயதில் தந்தையை இழந்தார். தாய் பலகாரம் சுட்டு விற்றுப் பிள்ளைகளைக் காத்தார். சிறுவன் தலையில் தட்டைச் சுமந்து தெருவில் விற்கச் சென்றான். கூவி விற்க நாணியதால் தங்கை உடன் சென்று கூவினாள். பின்னர் நெல் ஏற்றிச் செல்லும் மாட்டுவண்டி ஓட்டிக் கூலி பெற்றுத் தாயிடம் தந்தான். அவனுடைய பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றுபோயிற்று.

வளர்ந்து உழவராய் நிலைபெற்ற பின், கொள்ளைநோயில் தம் பிள்ளைகளையும் உறவினரையும் இழந்து, துயரம் தாளாது அவர் மெய்யறிவைத் தேடிப் புறப்பட்டார். லெடி சயாடோ என்னும் புகழ்பெற்ற பௌத்தத் துறவியை அடைந்து பயின்றார். 1846 முதல் 1923 வரை வாழ்ந்த லெடி சயாடோ, பாலி மொழியில் பெரும்புலமை உடையவர். துறவியர்க்கே உரியது எனப் பலர் கருதியிருந்த தியானப் பயிற்சியை இல்லறத்தார்க்கும் கற்பித்தவர். எளிய மக்களும் படித்தறியுமாறு பர்மிய மொழியில் நூல்கள் இயற்றியவர். அத்துறவியே சயா தெட்ஜியை ஆசிரியராக அமர்த்தினார். கதிர் பொறுக்கிய சிறுவன், கற்றோரும் அதிகாரிகளும் வந்து பயிலும் ஆசிரியரானார். பிறப்பும் பொருளும் பட்டமும் ஆங்கே அளவுகோலாக இல்லை. பயிற்சி ஒன்றே அளவுகோலாக இருந்தது.

சேற்றைக் கடந்த பயணம்

மூச்சை நோக்கிப் பழகிய ஒரு வாரத்திற்குள் பா கின் புறப்பட்டுவிட்டார். பியாபுவேஜி, இரங்கூனிலிருந்து 8 மைல் தொலைவே எனினும் வழி எளிதன்று. ஆற்றில் நீர் வற்றியிருந்ததால் அமர்த்திய படகு பாதி வழியோடு நின்றுவிட்டது. கரையேறி, முழங்கால் புதையும் சேற்றில் இறங்கி, நெல் வயல்களினூடே நடந்தார். கால்களில் சேறு படிந்த கோலத்துடன் ஆசிரியர் முன் சென்று நின்றார். அரசு அலுவலகத்தில் பணிபுரியும் படித்த நகரத்து மனிதர், கல்வி குறைந்த சிற்றூர் உழவரிடம் மாணவராய் அமர்ந்தார்.

பத்து நாள் பயிற்சியை முடித்துக்கொண்டு அலுவலகம் திரும்பியபோது, மேசைமேல் உறை ஒன்று காத்திருந்தது. விரைவாகப் புறப்பட்டுச் சென்றமைக்காகத் தம்மைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்களோ என அவர் அஞ்சினார். திறந்து பார்த்தால் அது பதவி உயர்வு ஆணையாக இருந்தது. பர்மா அவ்வாண்டு இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட இருந்ததால் புதிதாய் அமைந்த தணிக்கை அலுவலகத்தில் சிறப்புக் கண்காணிப்பாளராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். இதனைத் தியானம் தந்த வரம் என்று கொள்வது பிழையாகும். அவர் பல ஆண்டுகள் உழைத்த உழைப்பே அவ்வுயர்வைத் தந்தது. பத்து நாட்கள் தந்த பயன் வேறு. அவர் தம் மனத்தைக் கையாளும் வகையை அறிந்து திரும்பியிருந்தார்.

படிப்படியான பயிற்சி

அவர் கற்றதும் பின்னர்க் கற்பித்ததுமான முறை மூன்று படிகளைக் கொண்டது. முதற்படி சீலம், அதாவது ஒழுக்கம். கொல்லாமை, கள்ளாமை, தகாத காமம் விலக்கல், பொய்யாமை, போதைப்பொருள் தவிர்த்தல் ஆகிய ஐந்தும் பஞ்ச சீலம் எனப்படும். தவறு செய்துகொண்டே இருக்கும் மனம் அச்சத்தாலும் மறைப்பாலும் அலைக்கழியும். அம்மனத்தைக்கொண்டு அமைதியாய் அமர இயலாது. ஆகவே ஒழுக்கம் முதலில் வந்தது.

இரண்டாம் படி சமாதி, அதாவது மனத்தை ஒருமுகப்படுத்தல். பயில்பவர் முதுகை நிமிர்த்தி, கண்களை மூடி அமர்கிறார். மூச்சை அடக்குவதில்லை; நீட்டுவதில்லை; மந்திரம் எதனையும் ஓதுவதில்லை. இயல்பாக வந்துபோகும் மூச்சு, மூக்கின் கீழ் மேலுதட்டுக்கு மேலே படும் சிற்றிடத்தில் கருத்தை நிறுத்துகிறார். சில நொடிகளிலேயே மனம் ஓடிவிடும். நேற்றைய சண்டைக்கும் நாளைய கவலைக்கும் தாவும். ஓடியது தெரிந்தவுடன் சினமின்றி அதனை மீட்டுக்கொண்டு வரவேண்டும். நூறு முறை ஓடினால் நூறு முறை மீட்கவேண்டும். இந்த மீட்டலே பயிற்சி. கன்றுக்கு நுகம் பழக்குவது போலப் பொறுமையோடு செய்யவேண்டிய பணி இது. முதல் நாள் சில நொடிகளே நின்ற மனம், நாட்கள் செல்லச் செல்ல நிமிடக் கணக்கில் நிற்கத் தொடங்குகிறது.

மூன்றாம் படி பஞ்ஞா, அதாவது தெளிந்த அறிவு. ஒருமைப்பட்ட மனத்தை உடலெங்கும் செலுத்தி, ஆங்காங்கே தோன்றும் சூடு, குளிர்ச்சி, அரிப்பு, வலி, துடிப்பு முதலிய உணர்ச்சிகளைப் பயில்பவர் நோக்குகிறார். இதுவே விபஸ்ஸனா. இனியதைப் பற்றிக்கொள்ளாமலும், இன்னாததை வெறுத்துத் தள்ளாமலும் நோக்கவேண்டும். அவ்வாறு நோக்குங்கால், எந்த உணர்ச்சியும் தோன்றி, சிறிது நின்று, மறைந்துவிடுவது விளங்கும். அநிச்சம் எனப் பாலி நூல்கள் கூறும் நிலையாமை இவ்வாறு உடலிலேயே உணரப்படுகிறது. ஊ பா கின் இந்நிலையாமை உணர்வையே தம் போதனையின் நடுநாயகமாகக் கொண்டார்.

இதன் பயன் அன்றாட வாழ்வில் வெளிப்படும். சினம் எழுகின்ற போது உடல் சூடேறுகிறது, மூச்சு விரைகிறது. பயிலாதவன் அச்சூட்டின் வசப்பட்டுச் சொல்லத் தகாததைச் சொல்லிவிடுகிறான். பயின்றவனோ அச்சூட்டை அறிகிறான். அது தணியும் வரை பொறுக்கிறான். பின்னர்ச் செய்யத்தக்கதைச் செய்கிறான். இடையில் கிடைக்கும் அச்சிறு பொழுதுதான் இத்தனை உழைப்பின் ஊதியம். ஒருநாள் அமர்ந்து மறுநாளே இதனைப் பெற்றவர் எவருமிலர். இப்பயிற்சியைத் தக்க ஆசிரியரிடமே தொடங்கவேண்டும் என்பதும், மனநோய் உடையார் மருத்துவரின் அறிவுரையை முதலில் பெறவேண்டும் என்பதும் இங்கே குறிக்கத் தக்கவை.

அலுவலரும் ஆசிரியரும்

1941ஆம் ஆண்டு பா கின் இரயில்வே கணக்கு அதிகாரியாக நிலையங்களைத் தணிக்கை செய்துவந்தார். கியாக்சே என்னும் ஊரில் வண்டி நின்றபோது, அருகில் தங்கியிருந்த வெபு சயாடோ என்னும் துறவியைக் கண்டு வணங்கினார். இல்லறத்தார் ஒருவர் தியானத்தில் எய்தியிருந்த தேர்ச்சியைக் கண்டு வியந்த அத்துறவி, இனிப் பிறர்க்கும் கற்பிக்குமாறு அவரைப் பணித்தார். பா கின் முதலில் பயிற்றியது அந்நிலையத்து அலுவலர் ஒருவரையே. பயிற்றிய இடம் தாம் பயணம் செய்த இரயில் பெட்டி. எனினும் முறையாக வகுப்புகள் நடத்த அவர் அவசரப்படவில்லை. மேலும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தாமே பயின்றார். சயா தெட்ஜி 1945ஆம் ஆண்டு மறைந்தார்.

1948ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. அதே நாளில் ஊ பா கின் விடுதலை பெற்ற நாட்டின் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார். எழுத்தராய் நுழைந்த துறையின் தலைமை இருக்கையில் அமர்ந்தார். 1950ஆம் ஆண்டு தம் அலுவலகப் பணியாளர் பயிலுவதற்காக விபஸ்ஸனா சங்கம் ஒன்றை நிறுவினார். 1952ஆம் ஆண்டு இரங்கூனில், சுவேடகோன் பகோடாவுக்கு வடக்கே 2 மைல் தொலைவில், பன்னாட்டுத் தியான மையத்தைத் தோற்றுவித்தார். அங்கே பர்மியரும் பிற நாட்டாரும் பத்து நாள் பயிற்சி பெற்றனர்.

அலுவலகப் பணி இதனால் குறையவில்லை. ஒரு காலத்தில் மூன்று துறைகளுக்கு ஒருங்கே மூன்றாண்டுகள் தலைமை தாங்கினார்; மற்றொரு காலத்தில் நான்கு துறைகளை ஏறத்தாழ ஓராண்டு நடத்தினார். 1956ஆம் ஆண்டு அரசு வேளாண் விற்பனை வாரியத்தின் தலைவராக அமர்த்தப்பட்டார். நெல்லும் அரிசியும் பெருமளவில் கைமாறும் அவ்வாரியத்தில் ஊழலைக் களைந்து ஒழுங்கை நிலைநாட்டப் பாடுபட்டார். அவ்வாண்டு அரசு அவருக்குத் திரே சித்து என்னும் உயரிய பட்டத்தை வழங்கியது. 1967ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அலுவலும் தியானப் பணியும் அவரிடத்தில் இணைந்தே நடந்தன. பிறர் எழுதிய கணக்கைப் பகலில் தணிக்கை செய்தவர், காலையிலும் மாலையிலும் தம் மனத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்தார். இரண்டுக்கும் வேண்டிய நேர்மை ஒன்றே.

பிறந்த மண்ணுக்குத் திரும்பிய பயிற்சி

இந்திய நாட்டிலிருந்து வந்த இச்செல்வத்தை மீண்டும் இந்தியாவுக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஊ பா கின்னின் பெருவிருப்பமாக இருந்தது. அவர் வெளிநாடு செல்ல அரசின் இசைவு கிடைக்கவில்லை. ஆயின் அவர் மாணவர் ஒருவர் அவ்விருப்பத்தை நிறைவேற்றினார். மாண்டலேயில் 1924ஆம் ஆண்டு பிறந்த இந்திய வணிகர் எஸ். என். கோயங்கா, கடும் தலைவலியால் வருந்தி 1955ஆம் ஆண்டு அவரை நாடினார். தலைவலிக்கு மருந்தாகமட்டும் இதனைக் கருதி வருவோர்க்கு இங்கே இடமில்லை என முதலில் ஊ பா கின் மறுத்தார்; மனத்தூய்மையே நோக்கம் என உணர்ந்த பின்னரே ஏற்றுக்கொண்டார். பதினான்கு ஆண்டுகள் பயின்ற கோயங்கா, 1969ஆம் ஆண்டு இந்தியா வந்து பம்பாயில் முதல் வகுப்பை நடத்தினார். மகாராட்டிரத்தின் இகத்புரியிலும், பின்னர்ச் சென்னைக்கு அருகிலும், உலகின் பல நாடுகளிலும் மையங்கள் எழுந்தன. 1994ஆம் ஆண்டு தில்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒருங்கே அமர்ந்து பயின்றனர். ஊ பா கின் இவற்றையெல்லாம் காணவில்லை. அவர் 1971ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் மறைந்தார்.

நம் இளைஞர்க்கு

இரங்கூன் நமக்கு அயலான நகரம் அன்று. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஏழை மக்கள் உழைத்த நகரம் அது. 1898ஆம் ஆண்டு அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்திற்கு அங்கும் ஒரு கிளை இருந்தது. 1954ஆம் ஆண்டு திசம்பரில் அங்குக் கூடிய உலகப் பௌத்தர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் கலந்துகொண்டார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் தழுவினார். அந்நாளில் மக்கள் ஏற்ற பஞ்ச சீலமே ஊ பா கின் கற்பித்த பயிற்சியின் முதற்படியும் ஆகும்.

அநீதி வெளியில் நிற்கும்போது கண்ணை மூடி அமர்வதால் யாது பயன் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. தீண்டாமையைச் சட்டத்தாலும் கல்வியாலும் ஒன்றுபட்ட போராட்டத்தாலும் அன்றித் தியானத்தால் ஒழிக்க இயலாது. தியானம் போராட்டத்துக்கு மாற்று அன்று. ஆயினும் போராடுபவனுக்கும் படிப்பவனுக்கும் மனம் ஒன்றே கருவி. இழிசொல் ஒன்றைக் கேட்டுக் கொதித்து, கையிலிருந்த வேலையை உதறிவிட்டு வந்த இளைஞன், எதிரி விரும்பியதையே செய்தவன் ஆகிறான். அதே சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து வாய்மூடி இருந்தவனும் அவ்வாறே. கொதிப்பையும் நடுக்கத்தையும் அறிந்து, தெளிந்த உள்ளத்தோடு நிமிர்ந்து நின்று, சான்றுகளைத் திரட்டி, உரிய இடத்தில் முறையிட்டு, விடாது தொடர்பவனே வெல்கிறான். அத்தெளிவு பிறவிக்குணம் அன்று, பழக்கத்தால் வருவது.

தேர்வில் முதன்முறை தவறியவுடன் படிப்பையே விட்டுவிடும் மாணவர் இன்றும் நம்மிடையே உள்ளனர். முதல் தலைமுறையாகப் படிப்பவனுக்கு வழிகாட்ட வீட்டில் எவருமிலர். தோல்வி வந்தால் அது தன் தகுதியின்மைக்குச் சான்று என எண்ணிவிடுகிறான். ஓடிய மனத்தை நூறு முறையும் சினமின்றி மீட்டு வந்த பயிற்சியை அவன் நினைத்துப் பார்க்கட்டும். தவறுவது தோல்வியன்று, மீண்டு வராமையே தோல்வி. பதக்கம் பெற்றும் கல்லூரியை இழந்தவர், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் துறைத் தேர்வில் தேறி, முப்பத்தோராண்டுகளுக்குப் பின் துறைக்கே தலைவரானார் என்பதையும் அவன் எண்ணட்டும்.

நம் சங்கமும் இருபத்தைந்து ஆண்டுகளை ஒரே நாளில் கடந்துவிடவில்லை. மாதந்தோறும் உறுப்பினர் தந்த சிறு தொகையும், மாலைதோறும் ஆசிரியர் ஈந்த உழைப்பும் சேர்ந்தே இன்று விழாவாக நிற்கின்றன. மனமும் அவ்வாறே வளரும். நாள்தோறும் காலையில் சிறிது நேரம் அமைதியாய் அமர்ந்து மூச்சை நோக்குங்கள். பின்னர்ப் புத்தகத்தைத் திறவுங்கள். இன்று சில நொடிகள் நிற்கும் மனம் நாளை சற்றுக் கூடுதலாக நிற்கும். சேற்றைக் கண்டு பா கின் திரும்பிப் போகவில்லை. நம் இளைஞரும் வழியிலுள்ள சேற்றைக் கண்டு திரும்பாது, அடிமேல் அடி வைத்து முன்னேறுவாராக.